எஞ்சியிருப்பது எது?

ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசிய பழைய பென்ட்லி கார், உண்மையிலேயே அந்தக் கார்தானா? 1990ஆம் ஆண்டு லண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதுதான். காரின் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை 1929இலும் 1930இலும் அடுத்தடுத்து வென்ற ஸ்பீட் சிக்ஸ் வண்டி. விலை பேசியவர்கள், இது அந்த வண்டியன்று எனப் பின்வாங்கினர். உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

பின்வாங்கியவர்களின் ஐயத்திற்கு முகாந்திரம் உண்டு. பந்தய வண்டி காட்சிப்பொருளன்று. தேய்ந்ததைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால்தான் அடுத்த பந்தயத்தில் ஓடும். இரு வெற்றிகளிலும் இதனை ஓட்டிய உல்ஃப் பர்னாட்டோ, 1932இல் எட்டு லிட்டர் எஞ்சினுடன் ப்ரூக்லண்ட்ஸ் களத்திற்கு இதனை அனுப்பினார். அங்கே சரிவுச் சுவரின் விளிம்பைத் தாண்டி வண்டி கீழே விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். பிறகு மூடிய கூபே உடல் பூட்டப்பட்டு அது சாலைக்கு வந்தது.

நீதிபதி ஆட்டன் பொறுமையாகவே கணக்கெடுத்தார். 1929ஆம் ஆண்டு வண்டியின் பாகமென்று அடையாளம் காட்ட ஒன்றுகூட இல்லை. 1930ஆம் ஆண்டினதாக நம்பத்தக்கவை மூன்று: பெடல் தண்டு, கியர்பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு. சேஸியும் எஞ்சினும் 1938-39ஐச் சேர்ந்தவை. ஆயினும் இதுவே மெய்யான ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை. சிறிது சிறிதாக மாறின. எந்தக் கட்டத்திலும் அந்த வண்டி இல்லாமற்போகவில்லை. 'முதலில் இருந்தபடியே' இருப்பது வேறு, மெய்யானதாக இருப்பது வேறு என்று அவர் பிரித்தார்.

ஏடு பெயர்த்தெழுதியே நூல்களைக் காத்த மரபில் வந்த நமக்கு இத்தீர்ப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. பெயர்த்தெழுதிய ஓலையைப் போலி என்று நாம் தள்ளியதில்லை.

ஆனாலும் ஒரு நெருடல். பர்னாட்டோவின் மெக்கானிக்குகள் பாகம் மாற்றியபோது வண்டி ஓடவேண்டும் என்பதன்றி வேறு எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது. இன்று பழைய காரின் ஒரு திருகாணியை மாற்றுபவர்கூட ஏலவிலையை நினைத்தே கைவைக்கிறார். பாகங்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டு கைகளையும் எந்த நீதிபதியாலும் வேறுபடுத்த இயலாது. ஆட்டன் பட்டியலை விட்டு வண்டியின் வரலாற்றைக் கேட்டார். வழக்கும் அதனால்தான் முடிந்தது.