இறை

தெய்வம், அரசன் என்னும் பொருள்களில் இன்று வழங்கும் 'இறை' என்ற சொல், சோழர் காலத்துச் சாசனங்களில் குடிகள் செலுத்திய வரியையும் குறித்து நிற்கிறது. 'இறு' என்னும் வினையடியாகப் பிறந்து, செலுத்தப்படுவது எனப் பொருள்படுவது இது. கடன் இறுத்தான் என்பதும் விடை இறுத்தான் என்பதும் அவ்வடியின் பிரயோகங்களே. வரி நீங்கிய நிலம் 'இறையிலி' எனவும், வரி செலுத்தும் நிலம் 'இறைநிலம்' எனவும் பெயர் பெற்றன.

முதற் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டு உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட சாசனம், கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்டவராய் இருப்போரின் பெயர்களையே, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைக் குடத்தில் இட்ட ஓலைகளால் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பொதுவாக இட விதித்ததோடு, முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கியும் வைத்தது. இறை இறுப்பவனுக்கே சபையின் வாரியத்தில் இடம். இடம் பெற்றவனோ கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். ஏரி வாரியம் ஏரியைப் பேணினால் நீர் நிற்கும், நீர் நின்றால் விளைவு பெருகும், விளைவு பெருகினால் இறையும் தட்டின்றி வந்து சேரும். இன்று வீட்டுவரி கேட்டு வாயிலில் நிற்கும் நகராட்சியிடம், கால்வாய் தூர்ந்து கிடப்பதேன் என்று வினவும் குடிமகன், 'இறு' என்னும் வினையின் மற்றொரு பொருளையே நினைவூட்டுகிறான்: இறை பெற்றவர் விடை இறுக்கவும் வேண்டும்.