கரும்பாலையிலிருந்து கடலுக்கு: எரிசாராயத்தின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

மதுரைக்காரனுக்குப் படகு என்றால் தெப்பம்தான். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மிதக்கும் அந்தத் தெப்பத்திற்கு எஞ்சின் கிடையாது. வடம்பிடித்து இழுக்கும் மனித உடல்களே அதன் எரிபொருள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து கொண்டு கடற்படகின் பெட்ரோலைப் பற்றி நான் எழுதக் காரணம் உண்டு. இன்று அந்தப் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலின் வரலாறு கரும்புக் காட்டில் தொடங்குகிறது. தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் முன்னேற்றத்தின் கதையாடலாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. யார் முடிவெடுத்தார்கள், யாருடைய டாங்கில் அது இறங்கியது என்ற கேள்விகள் அதில் இடம்பெறுவதில்லை.

1932இல் காலனிய அரசு சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முப்பதுக்குச் சற்று மேலிருந்த ஆலைகள் சில ஆண்டுகளிலேயே 130ஐத் தாண்டின. சர்க்கரை பெருகப் பெருகக் கழிவுப்பாகும் பெருகியது. மொலாசஸ் என்கிற அந்தக் கரிய, நாற்றமெடுக்கும் பாகை எங்கே கொட்டுவது? காய்ச்சிச் சாராயமாக்கி, பெட்ரோலில் கலந்து எரித்துவிடலாம் என்று பதில் வந்தது. அதற்கு 'பவர் ஆல்கஹால்' என்று பெயர். 1940இல் ஐக்கிய மாகாணம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1948இல் மத்திய அரசின் இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் வந்தது. பிரான்ஸ் 1923லேயே பெட்ரோல் இறக்குமதியாளர்கள் சாராயம் கலக்க வேண்டுமென்று விதித்திருந்தது. அங்கேயும் முதல் பிரச்சினை விளைந்து குவிந்த உபரிதான். இங்கு ஒன்று கவனத்திற்குரியது. எஞ்சினுக்கு என்ன தேவை என்ற கேள்வியைவிட, ஆலையில் எது மிஞ்சியது என்ற கேள்வியே எரிபொருளைத் தீர்மானித்திருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதே 1948இல்தான் தில்லி எரிசாராயத் தொழிலை வளர்க்கச் சட்டம் போடுகிறது. ஒரே திரவம், தொண்டையில் இறங்கினால் குற்றம், டாங்கில் இறங்கினால் தேச வளர்ச்சி. இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு போடத்தான் சாராயத்தைக் குடிக்க முடியாதபடி கெடுக்கும் வேதிப்பொருள்கள் வந்தன. குடிப்பவனின் உடலையும் காய்ச்சுபவனின் உலையையும் ஒருசேரக் கண்காணிக்கும் அதிகாரத்தின் மொழி அது.

மலிவான பெட்ரோல் வந்தபின் பவர் ஆல்கஹால் மங்கிப்போனது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை 2000இல் ரத்தும் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மூன்றே ஆண்டில், 2003 ஜனவரியில், தமிழகம் உட்பட 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதக் கலப்பு மறுபடி வந்துவிட்டது. அடுத்து வந்த வறட்சியில் கரும்பு காய்ந்ததும் கலப்பும் தளர்ந்தது. 2018இல் புதிய உயிரி எரிபொருள் கொள்கை. 2022இல் 10 சதவீதம். 2030க்கென வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025இல் எட்டப்பட்டது. இதற்கிடையே பெரியாற்றுப் பாசனம் பாயும் அலங்காநல்லூரில், தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவை நின்றுபோய், ஆலையைத் திற என்று விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். எத்தனால் கரும்பு விவசாயியை வாழவைக்கும் என்ற சொல்லாடலுக்கு எங்கள் மாவட்டம் தந்த பதில் இது. நாட்டளவிலோ கரும்பை முந்திக்கொண்டு மக்காச்சோளம் எத்தனாலாகத் தொடங்கிவிட்டது.

இனி கடலுக்கு வருவோம். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சாதாரணமாக எத்தனை முறை காய்ச்சினாலும் சாராயம் சுமார் 95 சதவீதத்திற்கு மேல் ஏறாது. கடைசித் தண்ணீரை விட மறுக்கும். தனி முறையில் அதை நீக்கித்தான் பெட்ரோலில் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகும் அது தண்ணீரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரென்றால் கலந்து எரிந்துபோகும், பாதகமில்லை. 10 சதவீதக் கலப்பில் அரை சதவீத அளவைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. 25 லிட்டர் டாங்கில் அது அரைத் தம்ளருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அப்போது எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் படிகிறது. எரிபொருள் உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கும். 20 சதவீதக் கலப்பு இன்னும் அதிகத் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பிரிந்தால் அடியில் இறங்கும் சரக்கும் அதிகம். போதாததற்குப் பழைய ரப்பர்க் குழாய்களை ஊதவைக்கும், டாங்கில் ஒட்டிய பிசினைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். நியூயார்க் மாநிலத்தில் 2004இல் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது பழைய படகுகளின் ஃபைபர்கிளாஸ் டாங்குகளே பழுதாயின.

நிலத்தில் ஓடும் பைக்கில் வாரத்துக்கொரு முறை டாங்க் காலியாகிறது. தண்ணீர் சேர நேரமில்லை. பாக் நீரிணையின் நாட்டுப்படகு அப்படியல்ல. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினைக்கூடப் பெட்ரோல் ஊற்றித்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பெட்ரோல் சின்ன டாங்கிலோ கேனிலோ கிடக்கும். புயல் எச்சரிக்கை என்றால் நாள்கணக்கில் உப்புக்காற்றில் கிடக்கும். ரோட்டில் எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் கோடு கிழித்த கடலில் நின்றால்? காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அந்தக் கோடு தெரியாது; கோட்டைக் காப்பவர்களுக்கு எஞ்சின் நின்ற காரணம் தேவையில்லை.

அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பை அனுமதித்தபோதே படகு எஞ்சின்களுக்கு அது கூடாதென்று தடுத்து, பம்பிலேயே எச்சரிக்கை ஒட்டவைத்தார்கள். அங்கே உல்லாசப் படகுக்காரர்களுக்கும் படகுத் தொழிலுக்கும் குரல் இருந்தது. இங்கே 2025இல் மூண்ட விவாதம் காரின் மைலேஜைச் சுற்றியே நடந்தது. கலப்பில்லாத பெட்ரோலையும் வாங்க வாய்ப்பு வேண்டுமென்ற பொதுநல மனுவை அந்தச் செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாழ்வாதாரத்துக்காகக் கடலுக்குப் போகிறவன் 'நுகர்வோர்' என்ற வகைமைக்குள்ளேயே வரவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். அந்த நன்மைக்கான செலவை யார் தலையில் எழுதுகிறோம் என்பதே என் கேள்வி.

வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்துசேர்வதே பல வருஷம் பெரும்பாடு. ஆற்றோரத்தில் கரும்பு குடித்த தண்ணீர், எத்தனாலாகி, லாரியேறி, பங்க் வழியாகப் படகின் டாங்குக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. கடைமடைக்காரன் கேட்ட தண்ணீர் வயலுக்கு வரவில்லை. கேட்காத தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறுகிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு டிரம் மீன்பிடித் துறைமுகங்களில் தனியாகக் கிடைக்கச் செய்வது அரசுக்குப் பெரிய காரியமில்லை. அதைச் செய்ய முதலில் கொள்கை வகுப்பவர்களின் வரைபடத்தில் கடல் இருக்க வேண்டும்.