நூறு புள்ளிகளும் எழுதப்படாத கணக்கும்

1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்னும் சிற்றூரில் ஒரு கூடைப்பந்தாட்டம் நடந்தது. பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் அன்று தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவம் முழுவதும் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். கால் நூற்றாண்டு கழித்து, 1986-87 பருவத்தில், மைக்கேல் ஜோர்டானின் சராசரி 37.1. அப்படியானால் ஜோர்டானைவிடச் சேம்பர்லின் உயர்ந்தவரா?

இருவர் கொண்டுவந்த பாலை நிறுக்கும்போது, யாருடைய நிரையில் நல்ல மரம், யாருடையதில் பட்டை தேய்ந்த கிழமரம் என்று நாம் கேட்பதுண்டு. இங்கும் அதைத்தான் கேட்கவேண்டும்.

1950 நவம்பரில் போர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான்! பலமான எதிரணிக்குப் பந்து கிடைக்காதபடி கையிலேயே வைத்துப் பொழுதைப் போக்கினார்கள். 1954இல், 24 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாகவேண்டும் என்று விதி வந்தது. ஆட்டம் ஓட்டமாயிற்று. 1961-62இல் ஓர் அணியின் சராசரி ஏறக்குறைய 119 புள்ளிகள். எறிந்தவை மிகுதி, தவறியவையும் மிகுதி. தவறித் தெறித்த பந்துகளில் ஓர் அணி பிடித்தவை ஆட்டத்துக்குச் சுமார் 71. அதே பருவத்தில் ஆஸ்கார் ராபர்ட்சன் அவ்வாறு பிடித்தது சராசரி 12.5. 2016-17இல் ரசல் வெஸ்ட்புரூக் பிடித்தது 10.7. ஆனால் அப்போது ஓர் அணிக்குக் கிடைத்தவையே 43 அல்லது 44தான். பங்கு போட்டுப் பார்த்தால் வெஸ்ட்புரூக்கின் கை ஓங்கிவிடுகிறது.

சேம்பர்லினுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 48 நிமிட ஆட்டத்தில், அந்தப் பருவத்தில் அவர் ஆடிய சராசரி நேரம் 48.5 நிமிடம்! கூடுதல் நேரமும் சேர்ந்த கணக்கு அது. ஓய்வே இல்லை.

தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்பது 1979-80இல் வந்த வழக்கம். கரீம் அப்துல் ஜப்பார் 20 பருவங்களில் எடுத்த 38,387 புள்ளிகளில் அத்தகைய எறி ஒன்றே ஒன்று. 2023 பிப்ரவரியில் அவரை முந்திய லெப்ரான் ஜேம்சுக்கோ ஈராயிரத்துக்கு மேல்.

எழுதப்படாத கணக்கும் உண்டு. பாஸ்டன் அணியின் பில் ரசல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியவர். அவருடைய சராசரி 15.1 புள்ளிகளே, ஏட்டை மட்டும் படிப்பவர் அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்றே எண்ணுவார். எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவதுதான் அவருடைய பெருந்திறமை. தட்டிவிட்ட பந்துகளைச் சங்கம் எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரசல் ஓய்வு பெற்றது 1969இல்.