‘ஹ்லிம்’ என்னும் சொல்: மிசோ திருச்சபையின் மகிழ்ச்சியும் ஒரு பிடி அரிசியும்

மிசோ மொழியில் ‘ஹ்லிம்’ என்பது அன்றாடப் புழக்கத்தில் உள்ள எளிய சொல். மகிழ்வாயிருத்தல் என்பது அதன் பொருள். திருச்சபைக்குள் வரும்போது அச்சொல் வேறொரு கனம் பெறுகிறது. ஆவியின் எழுப்புதலில் தன்னை மறந்து பாடியும் ஆடியும் நிற்கும் நிலையையும் அதுவே குறிக்கிறது. அந்நிலையின் உச்சத்தில் இருப்பவரை ‘ஹ்லிம்சாங்’ என்பர். ஒரு சமூகம் தன் வழிபாட்டின் மிக உயர்ந்த அனுபவத்துக்கு வேதாகம மொழியிலிருந்து கலைச்சொல் ஒன்றை வருவித்துக்கொள்ளாமல், வீட்டு முற்றத்தில் புழங்கும் சொல்லையே எடுத்தாண்டது கவனத்துக்குரியது. அந்த மகிழ்ச்சி யாருக்குரியது, அதை யார் அனுமதிப்பது என்ற கேள்வி மிசோரமின் திருச்சபை வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

தொடக்கம் எழுத்தில் நிகழ்ந்தது. 1894 ஜனவரியில் ஜே. எச். லொரெய்ன், எஃப். டபிள்யூ. சாவிட்ஜ் என்னும் இரு ஆங்கிலேய ஊழியர்கள் லுஷாய் மலைக்கு வந்து, எழுத்து வடிவம் இல்லாதிருந்த மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு வகுத்தனர். 1897இல் வேல்ஸ் பிரெஸ்பிட்டேரியன் சபையின் டி. ஈ. ஜோன்ஸ் வந்து சேர்ந்தார். 1899இல் கூமா, காரா என்னும் இருவர் முதல் திருமுழுக்குப் பெற்றனர். வேல்ஸ் நாட்டவர் தம்முடன் கொண்டுவந்தவற்றுள் வேதநூலுக்கு அடுத்த இடம் பாட்டுக்கு உண்டு: நான்கு குரல் இசைவு, ‘டானிக் சோல்ஃபா’ என்னும் எழுத்துவழி இசைக்குறியீடு. இரண்டும் இன்றளவும் மிசோ பாடகர் குழுக்களின் அடித்தளமாக உள்ளன.

ஆயினும் மிசோ ஒரு தொனிமொழி. ஒரே ஒலித்தொடர், குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு பொருள் தரும். மேலைநாட்டு மெட்டு தன் போக்கில் ஏறி இறங்கும்போது, சொல்லின் இயல்பான தொனியை அது பொருட்படுத்துவதில்லை. மேலும், மிசோ பாடல் மரபுக்கென்றே பேச்சுவழக்கில் வாராத செய்யுட்சொற்களின் பெருங்களஞ்சியம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புப் பாடல்கள் பெரிதும் உரைநடைச் சொற்களைக் கொண்டே அமைந்தன. பாடியவர்கள் நம்பிக்கையோடுதான் பாடினர். ஆனால் தம் மொழியின் கவிதை அவர்களுடைய தேவாலய வாசலுக்கு வெளியே நின்றது. ‘குவாங்’ என்னும் முரசும் அவ்வாறே வெளியே நிறுத்தப்பட்டது. பழைய விருந்துகளில் அரிசி மதுவோடும் ஆட்டத்தோடும் ஒலித்த கருவி என்பதால், அதைப் பழைய சமயத்தின் எச்சமாகவே ஊழியர்கள் கண்டனர். அவர்களுடைய ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை என்பதையும் சொல்லவேண்டும். மதுவும் முரசும் அன்று பிரிக்க முடியாதபடி பிணைந்தே இருந்தன.

இந்நிலையை அசைத்தவை எழுப்புதல் அலைகள். வேல்ஸில் 1904–05இல் தோன்றிய எழுப்புதல் காசி மலைக்குப் பரவியது. அதைக் காண மிசோ கிறித்தவர் சிலர் மைராங் கூட்டத்துக்கு நடந்தே சென்று திரும்பினர். 1906 ஏப்ரல் 9 அன்று, தெற்கே ஊர் திரும்ப இருந்தவர்களை வழியனுப்ப ஐஸ்வாலில் கூடிய சிறு கூட்டத்தில் முதல் ‘ஹர்ஹ்னா’, அதாவது விழிப்பு, நிகழ்ந்தது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. அதுவும் பாட்டாகவே வந்தது. 1908 அளவில் ‘பூமா ஸாய்’ என்னும் புதிய பாடல் வகை தலைவர்களின் ஆதரவோடு ஊர் ஊராகப் பரவி, விருந்தும் ஆட்டமுமாகப் புதிய சமயத்தை எதிர்கொண்டது. இரு தரப்பும் ஒன்றையொன்று பாட்டால் வெல்ல முயன்ற காலம் அது.

1913இல் இரண்டாவது அலையும் 1919இல் மூன்றாவது அலையும் எழுந்தன. மூன்றாவதில்தான் திருப்பம் நேர்ந்தது. அவ்வலைக்குப் பின் பதேயா, கம்லாலா முதலிய மிசோ பாடலாசிரியர்கள் தம் மொழியின் செய்யுட்சொற்களைக் கொண்டு, மிசோ செவிக்கு இசைந்த மெட்டில் கிறித்துவைப் பாடினர். ‘லெங்கோம் ஸாய்’ என்னும் கூட்டுப்பாடல் மரபு இவ்வாறு உருப்பெற்றது. ஒருவர் அடுத்த அடியை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க, அவை மெதுவாக, இழுத்து, ஒரே குரலாகப் பாடும். முரசு அதற்கு நடை வகுக்கும். உணர்ச்சி முதிர்ந்தவர் இருக்கையை விட்டெழுந்து முன்னே வந்து வட்டமாக ஆடுவர். முரசு எந்த ஆணையாலும் ஒரே நாளில் உள்ளே வரவில்லை. ஊருக்கு ஊர் வாதிட்டு, சில இடங்களில் நெடுங்காலம் காத்திருந்து, படிப்படியாக நுழைந்தது. எழுப்புதல் இயக்கத்தை மேலைமயமாதலுக்கு எதிரான பண்பாட்டு மறுமொழியாக வாசிக்கும் வான்லால்சுவானவ்மாவின் ஆய்வு இவ்விடத்தில் பெரிதும் துணைசெய்கிறது. எனினும், பாடியவர்களுக்கு அது முதலில் வழிபாடு, பிறகே மறுமொழி என்பதை அவ்வாசிப்பு மறைத்துவிடக் கூடாது.

மகிழ்ச்சிக்கு ஆட்சியாளர் வகுத்த எல்லை 1937இல் கெல்காங் என்னும் கிழக்குப்புற ஊரில் வெளிப்பட்டது. அங்கே எழுப்புதல் உச்சமடைந்து, மக்கள் வயல்வேலையை விட்டுவிட்டனர் என்ற செய்தி கண்காணிப்பாளர் ஏ. ஜி. மக்காலுக்கு எட்டியது. அவர் படைவீரர்களுடன் சென்று தலைவர்கள் மூவரைச் சிறைப்படுத்தினார். ஒரு மலையூரின் தொழுகைக் கூட்டத்துக்குத் துப்பாக்கியோடு செல்லவேண்டியிருந்தது என்றால், அரசு அஞ்சியது வயல் தரிசாவதை மட்டும் அன்று என ஊகிக்கலாம். ஊழியரோ தலைவரோ அதிகாரியோ அனுமதியாமலே ஊர் ஒன்று கூடி நின்றதே அதனினும் பெரிய அச்சமாயிருக்கும்.

பாட்டைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டால் ‘புஃபாய் தாம்’ பற்றிய எழுத்து குறைவு. புஃபாய் என்பது குத்திய அரிசி. தாம் என்பது கைப்பிடி அளவு. தமிழில் ‘பிடி அரிசி’ என்று சொல்லுக்குச் சொல் பொருந்த எழுதிவிடலாம். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவாள். சேர்ந்த அரிசியைத் திருச்சபைப் பெண்கள் வீடு வீடாகத் தண்டுவர். அது விற்கப்பட்டு ஊழியத்துக்குப் பணமாகும். 1910 அளவில் தொடங்கிய இவ்வழக்கம் விரைவிலேயே ஒரு கொடிய சோதனையைச் சந்தித்தது. 1911–12இல் மூங்கில் பூத்தது. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு பூக்கும். அவ்விதையைத் தின்று பெருகும் எலிகள் பின்னர் நெற்பயிரை அழிக்கும். ‘மௌதாம்’ என்னும் இப்பஞ்சத்தின் ஊடாகவும் பிடி அரிசி வழக்கம் நிலைத்தது. கையில் காசு புழங்காத சமூகத்தில், பெண்ணின் ஆளுகைக்குள் இருந்த ஒரே பொருள் அடுக்களை அரிசி. அதைக் கொண்டு அவள் கொடையாளி ஆனாள்.

பிறர்க்கெனத் தன்னை வருத்திக்கொள்ளும் ‘த்லோம்ஙைனா’ என்னும் பழைய அறம் இங்கே புதிய இடம் கண்டது. கிறித்தவத்துக்கு முந்தைய மிசோ சமூகத்தில் செல்வர் ஒருவர் தொடர்விருந்துகள் அளித்து ‘தாங்சுவா’ என்னும் தகுதி பெறலாம். அத்தகுதி மறுமையில் ‘பியால்ரால்’ என்னும் இன்பவுலகுக்கு வழி திறக்கும். இன்று கிறித்துமஸ் நாளில் ஊரார் அனைவரும் கூடிச் சமைத்துண்ணும் ‘ருவாய்’ விருந்தில் அவ்வாறு உயரும் தனியாள் எவரும் இல்லை. இறப்பு நேர்ந்தால், 1935இல் தோன்றிய இளைஞர் சங்கத்தார் கல்லறை தோண்டுகின்றனர். அக்கம்பக்கத்தார் துக்க வீட்டில் இரவுகளில் கூடி லெங்கோம் பாடுகின்றனர். விருந்திலும் துக்கத்திலும் ஒலிப்பது ஒரே முரசு. வெளியார் பலருக்குப் புரியாமல் போவது இதுவே: ஹ்லிம் என்பது துயரமின்மை அன்று, லெங்கோம் பாடல்களின் சொற்களில் பெரும்பகுதி ஏக்கமே.

பிடி அரிசி தொடக்கத்தில் வேதாகமப் பெண் ஊழியர்களின் செலவுக்கு உதவியது. பின்னர் அத்தொகை பெருகி, மிசோ சபைகள் இந்தியாவின் பிற பகுதிகளுக்கு அனுப்பும் ஊழியர்களையும் தாங்கியது. ஒருகாலத்தில் வெளிநாட்டு நிதியால் வாழ்ந்த சபை பிறரைத் தாங்கும் சபையாக மாறியதில் அடுக்களைக் கலத்தின் பங்கு பெரிது. அக்கலத்தை நிரப்பியவர்களும், எழுப்புதல் கூட்டங்களில் முதலில் எழுந்து ஆடியவர்களுள் பலரும் பெண்களே. ஆனால் அவ்வழக்கம் தோன்றி நூறாண்டு நிறைந்தபோதும், மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பெண் ஒருவரும் இல்லை. வழிபாட்டுக்குள் முரசுக்கு இடம் கேட்டு நடந்த வாதம் தீர்ந்துவிட்டது. அரிசி எடுத்து வைத்தவர்களுக்கான இடம் குறித்த வாதம் சபையின் கூட்டங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.