செயின்ட் ஜெர்மைன் நாவல்கள்

அமெரிக்க எழுத்தாளர் செல்சீ குவின் யார்ப்ரோ 1978 முதல் எழுதிய வரலாற்றுக் காட்டேரி நாவல்களின் வரிசை. மொத்தம் 25 நூல்களுக்கு மேல். நாயகன் ஒருவனே, ஊரும் நூற்றாண்டும் நூலுக்கு நூல் மாறும். நீரோ ஆண்ட ரோம், துறவி சவோனரோலா மிரட்டிய ஃபிளாரன்ஸ், பயங்கர இவானின் மாஸ்கோ, ஸ்பானியர் பிடித்த பெரு, தைமூர் சூறையாடிய டெல்லி என்று அவன் போகாத இடம் குறைவு. இவ்வளவு நீண்ட வரிசைக்கு இவ்வளவு விசுவாசமான வாசகர்களும், பாதியில் புத்தகத்தை மூடிவைத்தவர்களும் ஒருசேர அமைந்தது அபூர்வம். இரு தரப்பும் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் ஒரே பக்கங்களைத்தான்.

இரத்தம் குடிக்கும் ஐரோப்பியப் பிசாசுக்குத் தமிழில் ‘இரத்தக் காட்டேரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டதால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது. நம்மூர்க் காட்டேரிக்குப் படையலும் பூசையும் உண்டு. ஐரோப்பியக் காட்டேரிக்குக் கிடைத்ததெல்லாம் மரமுளையும் பூண்டும்தான்.

நாயகனின் மூலம் ஒரு நிஜ மனிதர். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செயின்ட் ஜெர்மைன் பிரபு என்ற பெயரில் ஒருவர் அரண்மனை அரண்மனையாகச் சுற்றினார். வயலின் வாசிப்பார், இசை அமைப்பார், வைரங்களைப் பற்றியும் சாயங்களைப் பற்றியும் நுணுக்கமாகப் பேசுவார். 1745இல் லண்டனில் ஒற்றர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டார். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் கடிதம் ஒன்றில் அந்தச் செய்தி இருக்கிறது. பின்னர் பிரான்சில் பதினைந்தாம் லூயியின் தயவைப் பெற்றார். விருந்துகளில் உட்கார்ந்து பேசுவாரே தவிர உணவைத் தொடமாட்டார் என்று காஸனோவா எழுதிவைத்திருக்கிறார். வயது கேட்டால் பிடிகொடுக்கமாட்டார். நூற்றாண்டுகளாக வாழ்கிறவர் என்ற வதந்தி அதில் கிளம்பியதுதான். 1784 பிப்ரவரி 27 அன்று எக்கர்ன்ஃபூர்டே என்ற கடலோர ஊரில் இறந்தார். வதந்தி இறக்கவில்லை. அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையார் பிற்பாடு அவரை மறைந்துறையும் மகான்களில் ஒருவராக ஏற்றார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த இசபெல் கூப்பர்-ஓக்லி 1912இல் அவரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

சாகாதவர், யாரும் பார்க்க உண்ணாதவர், எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர். இப்படி ஒருவரைக் காட்டேரியாக்க யார்ப்ரோ அதிகம் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. ஹங்கேரியின் ராகோசி இளவரசர் குடும்பத்துப் பிள்ளை என்று அவர் சொல்லிக்கொண்டதையும் விடவில்லை. நாவல்களில் நாயகன் பல இடங்களில் ராகோசி என்ற பெயரிலேயே வருகிறான்.

காட்டேரி இலக்கியம் அதற்குள் ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது. 1819இல் பாலிடோரியின் கதை, 1872இல் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’, 1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. இவை அனைத்திலும் காட்டேரி வெளியிலிருந்து வந்து வீட்டைக் குலைக்கும் தீமை. 1970களில்தான் கதை சொல்லும் வாய் மாறியது. ஃபிரெட் சேபர்ஹேகன் 1975இல் டிராகுலாவே தன் பக்க நியாயத்தைச் சொல்வதாக எழுதினார். மறு ஆண்டு ஆன் ரைஸின் ‘காட்டேரியுடன் ஒரு நேர்காணல்’ வந்தது. ரைஸின் காட்டேரிகள் குற்றவுணர்வில் புழுங்குகிறவர்கள், பெருமையடிப்பவர்கள், தங்களுக்குள் சண்டையிடுகிறவர்கள். யார்ப்ரோ பிடித்த வழி வேறு. சூரியன் சுடும், ஓடும் நீர் வாட்டும், கண்ணாடியில் உருவம் தெரியாது போன்ற பழைய விதிகளை வைத்துக்கொண்டு, தீமையை மட்டும் கழற்றிவிட்டார். முதல் நாவலான ‘ஹோட்டல் டிரான்ஸில்வேனியா’ 1743ஆம் ஆண்டுப் பாரிசில் நடக்கிறது. தலைப்பைப் பார்த்து விடுதியை எண்ண வேண்டாம். அது ராகோசி இளவரசரின் பெயரோடு ஒட்டிய நிஜ மாளிகை, ஒரு காலத்தில் பேர்போன சூதாட்ட இடம். கதையில் குரூரம் செய்கிறவர்கள் சாத்தானை வழிபடும் பிரபுக்கள். காட்டேரி அவர்களிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான்.

வரிசை முழுவதும் இந்தத் தலைகீழ்மைதான். செயின்ட் ஜெர்மைன் பிறந்து சுமார் நாலாயிரம் ஆண்டு. பிறந்த மண்ணைச் செருப்பின் அடித்தோலுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நடக்கிறான். யாரையும் கொல்லாமல் கொஞ்சம் இரத்தமே எடுக்கிறான். அதுவும் கொடுப்பவர் மனமார இன்பம் அடைந்தால்தான் அவனுக்குப் பசி ஆறும். ஆணுக்குரிய உடலுறவு அவனால் இயலாது. ஒரே பெண்ணுடன் சில முறைக்கு மேல் கூடினால் இறந்தபின் அவளும் காட்டேரியாவாள். ஆனவுடன் இருவரும் பிரிந்தாக வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு ஒருவர் கொடுக்க உயிர் இல்லை.

இந்தக் கடைசி விதியை மறந்துவிட்டால் நாவல்களின் வடிவம் புரியாது. அத்தியாயங்களுக்கு இடையே கடிதங்கள் வரும்: காதலர் கடிதம், பாதிரியின் புகார், வணிகரின் கணக்கு, ஒற்றனின் அறிக்கை. பல வாசகர்கள் இவற்றைத் தாண்டிப்போவதாகச் சொல்கிறார்கள். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் சரக்குப் பட்டியலா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் ரோமானியப் பெண் ஒலிவியாவும் பிரெஞ்சுப் பெண் மாதலேனும் அவனோடு நூற்றாண்டுக் கணக்கில் உறவு வைத்திருப்பது இந்தத் தாள்களில்தான். வந்து சேராத கடிதம், காலம் தவறி வரும் எச்சரிக்கை, அரைகுறையாகப் புரிந்துகொண்டு அதிகாரி எழுதும் குறிப்பு. இவற்றை வாசிக்கிறவருக்கு ஆபத்து நாயகனுக்குத் தெரியுமுன்னரே தெரிந்துவிடுகிறது. தாண்டிப்போகிறவர்கள் நாவலின் பாதித் திகிலை இழக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

காட்டேரி நல்லவன் ஆகிவிட்டால் பயமுறுத்துவது யார்? காலம்தான். ஃபிளாரன்ஸில் நடக்கும் ‘அரண்மனை’யில் சவோனரோலாவின் ஆட்கள் ஓவியங்களைத் தீயில் போடுகிறார்கள். ரோமாபுரியில் நடக்கும் ‘இரத்த விளையாட்டுகள்’ (1980) நாவலில் ஒலிவியாவின் கணவன் அவளை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து வேடிக்கை பார்க்கிறான். வரிசையின் உச்சம் இந்த நூல்தான் என்பவர்கள் உண்டு. அதன் பாலியல் கொடுமைக் காட்சிகளைத் தாளாமல் வரிசையையே விட்டவர்களும் உண்டு. அந்தக் கொடுமை கதைக்குத் தேவை என்று வாதிடலாம். அத்தனை முறை வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகான ஆண்டுகளைச் சொல்லும் ‘விதியைச் சீண்டுதல்’ (1982) நாவலில் நாயகன் ஓர் அநாதைச் சிறுமியை மகளாக வளர்க்கிறான். அங்கே காதலி போய் மகள் வந்ததாலோ என்னவோ, வழக்கமான அச்சு உடைந்து, குறை சொல்கிறவர்கள்கூட மென்மையாகப் பேசுகிறார்கள்.

‘அச்சு’ என்ற சொல் இந்த வரிசையைப் பற்றிய பேச்சில் தவிர்க்க முடியாதது. அந்நியன் ஒருவன் ஊருக்கு வருகிறான், செல்வத்தாலும் வைத்தியத்தாலும் மதிப்புப் பெறுகிறான், நொந்துபோன ஒரு பெண் அவனை நாடுகிறாள், சமயவெறியரோ அதிகாரியோ சந்தேகிக்கிறார், சிறை அல்லது சித்திரவதை, தப்பித்தல். நாலாயிரம் வயதுக்காரன் இனி என்ன மாறப்போகிறான்? மாறாத நாயகனைச் சுற்றி உடையும் பாத்திரமும் மட்டும் மாறினால் போதுமா என்பது ஒரு தரப்பு. அந்த உடையும் பாத்திரமும்தான் வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. என்ன துணி, எந்த ஊர்ச் சாயம், எவ்வளவு சுங்கம் என்று யார்ப்ரோ பக்கம் பக்கமாக எழுதுவதை இவர்கள் ரசித்துப் படிக்கிறார்கள். காட்டேரியைத் தேடி வந்தவருக்கு அவன் இரத்தம் குடிக்கும் பக்கங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. ‘கம்யூனியன் பிளட்’ (1999) நாவலின் மையமே, காட்டேரியான ஒலிவியா மெய்யாகவே இறந்தபின் ரோமில் அவள் சொத்துக்காக நடக்கும் வழக்கு. காட்டேரிக் கதையில் வாரிசுத் தகராறா என்று அலுத்துக்கொண்டவர்களின் நியாயம் புரிகிறது. ஆனாலும் சாகாதவர்களின் சொத்து என்ன ஆகும் என்று வேறு யார் யோசித்தார்கள்?

இந்திய வாசகருக்கு இரண்டு நூல்கள் முக்கியம். ‘கிரகணத்தின் பாதை’ (1981) மங்கோலியர் படையெடுத்த 13ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் தொடங்குகிறது. கோட்டையைக் காக்கும் பெண் தளபதி வரும் அந்தப் பகுதி யார்ப்ரோவின் நல்ல எழுத்துகளில் ஒன்று. திபெத் வழியாக இந்தியாவுக்கு இறங்கியதும் கதை நரபலி கேட்கும் காளி பக்தையிடம் சிக்கிக்கொள்கிறது. வெள்ளைக்கார ஆட்சிக்கால நாவல்கள் தேய்த்துப் பழசாக்கிய படம் அது. சீனத்துக்குக் காட்டிய பொறுமையை அவர் இங்கே காட்டவில்லை.

‘நாடிழந்த விருந்து’ (2001) இன்னும் கவனத்துக்குரியது. 1398 டிசம்பரில் தைமூர் டெல்லியை வென்று, ஊரைச் சூறையாடிக் கைவினைஞர்களைச் சமர்கந்துக்கு ஓட்டிச் சென்றது வரலாறு. நாவலில் நாயகன் சனத் ஜி மணி என்ற பெயரில் டெல்லியில் வாழ்கிறான். கணவன் விட்டுப்போன அவாசா தானி என்ற பெண்ணுக்கு ஆதரவாக இருக்கிறான். படை நெருங்கும்போது வேலைக்காரனோடு அவளை அனுப்பிவைத்துவிட்டு, தான் தைமூரின் பாளையத்தில் சிக்குகிறான். பிறகு துள்சி கில் என்ற கழைக்கூத்தாடிப் பெண்ணுடன் நீண்ட பயணம். ‘ஜி’ பெயருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வரும். அந்தக் கால டெல்லியில் யாரும் இப்படிப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். பின்பாதி இழுக்கிறது என்ற புகாரும் உண்மை. ஆயினும், கையில் செல்வமும் ஊரில் மதிப்பும் இருந்தவன் பிறந்த மண்ணும் இல்லாமல் வெயிலில் வெந்து, ஒரு பெண்ணின் தயவில் நகர்வதை இந்த நூலில்தான் முழுதாகப் பார்க்கிறோம். ஏற்கெனவே பத்து நூல் படித்தவருக்கு இது பெரிய ஆறுதல். முதன்முதலாக இதை எடுத்தவருக்கோ, எந்த உயரத்திலிருந்து விழுந்தான் என்பதே தெரிவதில்லை.

விருதுகள் வாசகர் சண்டையைத் தீர்க்கவில்லை. உலகத் திகில் மாநாடு 2003இல் யார்ப்ரோவுக்குப் பெருங்கலைஞர் பட்டம் தந்தது; 2014இல் உலக மாயப்புனைவு வாழ்நாள் விருது கிடைத்தது. நூல்களைக் கதை நடக்கும் காலவரிசையில் அவர் எழுதவில்லை என்பதால் எதையும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்ற எண்ணம் உண்டு. பழகிய வாசகர்கள் புதியவருக்கு ‘ஹோட்டல் டிரான்ஸில்வேனியா’வையோ ‘இரத்த விளையாட்டுக’ளையோ கையில் கொடுப்பார்கள். எது முதலில் என்பதில் அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை.