ஒரு பாடலும் ஒரு பத்திரமும்

தன் சொந்தத் துயரத்தைப் பாடுபவன் சமுதாயத்தை மறந்தவன் என்னும் கருத்து முற்போக்கு இலக்கியம் பேசுவோர் நடுவே நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். நாமும் இக்கருத்தை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டிருந்தவர்களே. நாட்டார் பாடலின் கதைகூறும் மரபும் றொக் இசையின் தாளமும் 1960களில் வட அமெரிக்காவில் ஒன்றிணைந்து புதியதோர் இசைவகை பிறந்தபோது, அது வேலைநிறுத்தத்தையும் போர் எதிர்ப்பையும் பாடிய வரையில் நம்மனோர் அதனைப் போற்றினர். அப்பாடகர்கள் தம் உள்ளத்தைப் பாடத் தொடங்கியதும், இது நடுத்தர வர்க்கத்தின் தன்னிரக்கம் என ஒதுக்கிவிட்டனர். இத்தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை நமக்கு உணர்த்தியது ஒரே ஒரு பாடல். கனடா நாட்டுப் பாடகி ஜோனி மிற்செல் 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட ‘புளூ’ என்னும் இசைத்தட்டில் இடம்பெற்ற ‘லிற்றில் கிறீன்’ என்பதே அது. ‘சின்னஞ்சிறு பச்சை’ என அத்தலைப்பைத் தமிழிற் கூறலாம்.

ஒரு கிற்றாரும் ஒரு குரலுமன்றி வேறெதுவும் அப்பாடலில் இல்லை. குழந்தையொன்றுக்குப் பெயர் சூட்டப்படுகின்றது; ஒருவன் கலிபோர்னியாவுக்குச் சென்றுவிடுகின்றான்; யாரோ சில பத்திரங்களிற் கையொப்பமிடுகின்றனர்; வசந்தத்தின் பசுமை வந்து போகின்றது. யார் இவர்கள், என்ன நடந்தது என்பது சொல்லப்படவில்லை. அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த அமெரிக்க இசைச் சஞ்சிகையொன்றின் மதிப்புரையாளர், இசைத்தட்டு முழுவதையும் ஆராய்ந்துவிட்டு, இப்பாடல் மாத்திரம் எவருக்கும் விளங்காத புதிராய் இருக்கின்றதெனக் குறைப்பட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய செய்தி அப்போது எவரிடமும் இருக்கவில்லை. இருந்த ஒரு சிலரும் வாய் திறக்கவில்லை.

அச்செய்தியை இனி நோக்குவோம். ஜோன் அண்டர்சன் என்னும் இயற்பெயருடைய இப்பெண் 1943இல் அல்பேர்ட்டா மாகாணத்திற் பிறந்து, சஸ்கற்சவான் மாகாணத்துச் சிற்றூர்களிலும் சஸ்கற்றூன் நகரிலும் வளர்ந்தவர். ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அதனால் இடக்கை வலுவிழந்தமையாலேயே, வழமையான சுருதிக்கு மாறாகத் தந்திகளைத் தாமே வேறு விதமாகச் சுருதிகூட்டி வாசிக்கும் முறையைக் கைக்கொண்டார் எனப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். (அவரது கிற்றாரின் விநோத இனிமையைப் புகழ்வோருள் எத்தனை பேர் அதற்குள் இருக்கும் நோயாளிச் சிறுமியை நினைக்கின்றனர் என்பது வேறு கதை.) கல்கரியில் ஓவியக் கல்லூரி மாணவியாய் இருந்தவர், 1964இல் படிப்பை விட்டு, காதலனோடு றொறன்ரோ நகருக்கு வந்தார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். சில மாதங்களில் காதலன் கலிபோர்னியாவை நாடிச் சென்றுவிட்டான்.

இருபத்தொரு வயதுப் பெண், கையிற் பணமில்லை. இசைக்கலைஞர் சங்கத்தின் சேர்வுப் பணத்தைக் கட்ட இயலாதவர் அந்நகரத்தின் நல்ல மேடைகளிற் பாடவும் முடியாது. கடையொன்றில் வேலை செய்தும், சங்கத்தின் பார்வைக்கு அப்பாற்பட்ட சிறு கோப்பிக் கடைகளிற் பாடியும் காலங்கழித்தார். அவர் குடியிருந்த மாடியறைக்குச் செல்லும் படிக்கட்டில் கைபிடிக் கம்புகள் பல இல்லை. முந்திய குளிர்காலத்தில் அங்கிருந்தோர் அவற்றை விறகாக எரித்துவிட்டனராம். ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்பதே அவரது பெருங்கவலை. 1965 பெப்ரவரி 19ஆம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ‘கெல்லி’ எனப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் அப்பெயர் ஒருவகைப் பளிச்சிடும் பச்சை நிறத்தையும் குறிக்கும். பாடலின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

குழந்தை வளர்ப்பு இல்லமொன்றின் பொறுப்பில் தற்காலிகமாக விடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சக் மிற்செல் என்னும் அமெரிக்கப் பாடகரை ஜோன் மணந்தார். மணவாழ்வு அமைந்தால் குழந்தையை மீட்டுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அது நடைபெறவில்லை. யார் மனம் மாறியது என்பதில் அவ்விருவரும் பின்னர் முரண்பட்ட விளக்கங்களையே தந்தனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. தத்தெடுப்புப் பத்திரத்திற் கையொப்பம் விழுந்தது. தாய்க்குக் குழந்தையின் புதுப்பெயரோ, குழந்தைக்குத் தாயின் பெயரோ தெரியாதவாறு சட்டம் கதவைச் சாத்திக்கொண்டது.

இதுவரை கூறியது ஒரு பெண்ணின் கதை. இதனைத் தனிப்பட்ட விபத்தென்று கருதுவோர் அன்றைய கனடாவைச் சற்று நோக்கவேண்டும். கருத்தடைச் சாதனங்களை விற்பதும் விளம்பரப்படுத்துவதும் 1892ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன. அத்தடை நீங்கியது 1969இலேதான். கருவைத் தடுப்பதும் குற்றம், கலைப்பதும் குற்றம், மணமின்றிப் பெறுவதோ மானக்கேடு. 1945க்கும் 1971க்கும் இடையில் அந்நாட்டில் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்தவையாகப் பதிவு செய்யப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 6 இலட்சம். தேவாலயச் சபைகள் நடத்திய பிரசவ விடுதிகளும், மாகாண அரசுகளின் சமூகநல அலுவலர்களும், வைத்தியசாலைகளும் ஒன்றுசேர்ந்து இத்தாய்மாரிற் பெருந்தொகையினரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்தெடுத்தன. கனடாவின் செனற் சபைக் குழுவொன்று 2018இல் இதனை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. பெற்ற குழந்தையின் முகத்தைக் காணவும் விடாது தடுத்தமை, மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோது கையொப்பம் பெற்றமை, தாய்ப்பால் வற்றுமாறு மார்பைக் கட்டியமை, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிடு என்று புத்தி சொன்னமை ஆகியவற்றையெல்லாம் மூதாட்டிகளான அத்தாய்மார் அக்குழுவின் முன் சாட்சியங்களாகக் கூறினர். ‘வெட்கம் எம்முடையதே’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட அவ்வறிக்கை, நாட்டு அரசு மன்னிப்புக் கோரவேண்டுமெனப் பரிந்துரைத்தது. விடுதிகளை நடத்திய சபைகளுள் ஒன்றான கனடிய ஐக்கிய சபை அக்குழுவின் முன்னேயே மன்னிப்புக் கேட்டது.

அறிக்கையின் தலைப்பையும் பாடலையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நாம் வியப்புறுகின்றோம். துயரத்தை முழுவதும் ஒப்புக்கொள்ளும் அப்பாடல் வெட்கத்தை மாத்திரம் ஏற்க மறுக்கின்றது. செனற் சபை 2018இற் கண்டுகொண்டதை மாடியறைப் பெண் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தாள்.

வகுப்பறையில் அகத்திணை கற்பிக்கும்போது, அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் மரபன்று எனத் தொல்காப்பியர் வகுத்த விதியை நாம் விளக்குவதுண்டு. பெயர் மறைவதால் ஒருவரது அனுபவம் எல்லோரது அனுபவமுமாகின்றது என்பதே அவ்விதிக்கு நாம் கூறும் நியாயம். இப்பாடலிலும் பெயர் மறைந்தே கிடக்கின்றது. ஆனால் இங்கே மறைத்தது கவிமரபு அன்று, அச்சமும் சட்டமும். மதிப்புரையாளர் புரியவில்லை என்று கூறிய அந்த இருண்மையை ஆசிரியையின் நடைக்குற்றமாகக் கொள்வது தவறு. பேசக்கூடாது என்று பணிக்கப்பட்ட ஒருத்தி, பேசாமலிருக்கவும் முடியாதபோது, வேறு எம்மொழியிற் பேசியிருக்க முடியும்? ‘புளூ’ இசைத்தட்டைக் கேட்ட கிறிஸ் கிறிஸ்ரோபர்சன் என்னும் பாடகர், எதையாவது உனக்கென வைத்துக்கொள் என்று ஜோனிக்கு அறிவுரை கூறினாராம். எல்லாவற்றையும் வெளிப்படுத்திவிட்டாள் என்று எல்லோரும் எண்ணிய அதே இசைத்தட்டில்தான் மிகப் பெரிய இரகசியம் ஒளிந்திருந்தது.

1982இல் வேறொரு பாடலில், தாம் பெற்ற பிள்ளையைத் தாம் வளர்க்க முடியவில்லை என்பதை அவர் சற்று வெளிப்படையாகவே சொன்னார். அப்போதும் கவனித்தவர் சிலரே. இரகசியம் வெளியானது கலைவழியாக அன்று. ஓவியக் கல்லூரிக் காலத்தில் அவரை அறிந்திருந்த ஒருவர் 1993இல் அதனை மலிவுப் பத்திரிகையொன்றுக்கு விற்றுவிட்டார். மானத்தைக் காட்டிப் பெண்ணின் வாயை அடைத்த சமுதாயமே, காலம் மாறியதும் அம்மௌனத்தை விலைப்பண்டமாக்கியது. இதைக் காட்டிலும் கசப்பானது வேறெதுவும் இக்கதையில் இல்லை.

மகளும் வளர்ந்து, தாம் தத்தெடுக்கப்பட்டவர் என்பதை அறிந்து, பெற்றவளைத் தேடத் தொடங்கியிருந்தார். அலுவலகத்திலிருந்து கிடைத்தது பெயரில்லாத ஒரு குறிப்பு: தாய் சஸ்கற்சவானைச் சேர்ந்தவர், நாட்டார் பாடகி, அமெரிக்காவுக்குச் சென்றவர். தத்தெடுப்புப் பதிவேடுகளை ஒன்ராறியோ மாகாணம் உரியவர்களுக்குத் திறந்துவிட்டது 2009இலேதான். எனவே மகள் அக்குறிப்பையும் செவிவழிச் செய்திகளையும் கொண்டே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1997 மார்ச் மாதத்தில் இருவரும் சந்தித்தனர். மகளுக்கு அப்போது வயது 32. அவருக்காகப் பாடப்பட்ட பாட்டு இசைத்தட்டில் வெளியாகி 26 ஆண்டுகள் ஓடிவிட்டன. உலகெங்கும் எண்ணற்றோர் வீடுகளில் அது ஒலித்துக்கொண்டிருந்த அத்தனை காலமும், அந்தப் பச்சை தாமே என்பதை அறியாதவராகவே அவர் வாழ்ந்திருந்தார்.