செய்தி அறைக்கு வந்த நோட்புக்

2016 ஜனவரியில், சர்வதேச டென்னிஸில் சூதாட்டக்காரர்களுக்காக ஆட்டங்கள் விட்டுக்கொடுக்கப்படுவதாக பஸ்ஃபீட் நியூஸும் பிபிசியும் சேர்ந்து செய்தி வெளியிட்டன. 26,000 ஆட்டங்களின் பந்தய விவரங்களை அலசி எழுதியது அது. பஸ்ஃபீட் இன்னொன்றும் செய்தது. ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, கணக்குப் போட்ட நோட்புக்கை, அதாவது கோடும் விளக்கமும் விடையும் ஒன்றாக இருக்கும் கணினிக் கோப்பை, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் அப்படியே ஏற்றியது. சில நாட்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நோட்புக் இதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. 1988-இல் வந்த மேத்தமேட்டிகாவில் கணக்கும் விளக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஆனால் அது விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள். 2001-இல் கொலராடோவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், பைத்தான் நிரல்மொழிக்கான ஐபைத்தானைத் தொடங்கினார். அது 2011 இறுதியில் பிரௌசருக்குள் ஓடும் இலவச நோட்புக்காக வளர்ந்து, 2014-இல் ஜூபிட்டர் ஆனது. கட்டத்தில் நாலு வரி கோடு எழுதி ஷிஃப்ட்டோடு என்டரைத் தட்டினால், விடை அட்டவணையாக அடியிலேயே வந்து நிற்கும்.

செய்தியாளர்களுக்கு இது வசதி. அதே 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் பென் வெல்ஷ் சான் டியாகோவில் ஒரு பயிலரங்குக்காக நோட்புக் பாடம் தயாரித்தார். கலிஃபோர்னியாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 64-ஆம் முன்மொழிவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று மாணவர்களே கூட்டிப் பார்க்கவேண்டும்.

இத்தகைய வகுப்புகளில் கணக்குக்கு முன்பே இன்ஸ்டால் செய்வது தலைவலியாகிவிடும். ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் மேக், மூன்றாமவரிடம் பழைய பைத்தான்.

இதற்கு விடையாக 2016-இல் பைண்டரும் 2017-இல் கூகுள் கோலாபும் வந்தன. லிங்கைத் தட்டினால் போதும், வேறெங்கோ உள்ள சர்வரில் நோட்புக் திறக்கும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பைண்டர் இணைப்பை அறுத்துவிடும். செய்த வேலையும் அதோடு போய்விடும். கோலாபில் நோட்புக் கூகுள் டிரைவில் தங்கும், ஆனால் தனியாக ஏற்றிய தரவுக் கோப்புகள் மறைந்துவிடும். கசிந்த ஆவணத்தை அடுத்தவர் சர்வரில் ஏற்றுவதா என்ற கேள்வியும் எழுந்தது.

2021-இல் அறிமுகமான ஜூபிட்டர்லேப் டெஸ்க்டாப், பைத்தான் உட்பட எல்லாவற்றையும் ஒரே தடவையில் மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தது. ஏறத்தாழ அதே சமயம் வந்த ஜூபிட்டர்லைட், பைத்தானைப் பிரௌசருக்குள்ளேயே ஓட்டியது. அதில் எல்லாப் பைத்தான் நூலகங்களும் ஓடாது. ஆனால் கணக்குப் பார்ப்பதற்காகத் தரவு கணினியை விட்டு வெளியே போகவேண்டியதில்லை.